பந்தும் பண்டமும்

இடமாற்றம் என்னும் சொல் ஆசிரியர்களாகிய நமக்குப் புதியதன்று. மேலிடத்திலிருந்து கடிதம் வரும். பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவோம். எங்கே போவது, ஏன் போவது என்பனவற்றை நாம் தீர்மானிப்பதில்லை. ஆகவே, ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளிலே கூடைப்பந்தாடும் மாணவர்கள் ஆண்டுதோறும் தாமாகவே விரும்பி ஆயிரக்கணக்கில் இடமாற்றம் பெறுகின்றனர் என்பதை முதன்முதல் அறிந்தபோது நமக்கு வியப்பு உண்டாயிற்று. வியப்பைத் தொடர்ந்து கண்டனம் வந்தது. நான்கு ஆண்டுகளில் மூன்று பல்கலைக்கழகங்கள் மாறுகின்ற ஒருவனை மாணவன் என்று எவ்வாறு அழைப்பது? அவனுக்கு ஆசிரியர் யார்? எந்த நூலகத்தின் படிகளில் அவன் ஏறி இறங்கிப் பழகினான்? பணம் கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்கு ஓடுகின்றவனிடம் பற்றும் நன்றியும் எங்கே? சக ஆசிரியர்களோடு உரையாடுகையில் நாம் இவ்வாறெல்லாம் பேசினோம். நியாயத்தின் பக்கம் நின்று பேசுகிறோம் என்ற திருப்தியும் நமக்கிருந்தது.

இவ்விடயத்தைச் சற்று ஆழ்ந்து கற்றபின் அந்தத் திருப்தி நம்மைவிட்டு நீங்கியது. நாம் பேசிய சொற்கள் யாருடைய சொற்கள், அவை எவருடைய நலனுக்காக முதலிற் பேசப்பட்டவை என்று கேட்கவேண்டியவரானோம். அந்தக் கேள்வி நம்மைக் கொண்டுசென்ற வழியை வாசகர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடைப்பந்தாட்டம் கல்விக்கூடத்திலே பிறந்த விளையாட்டு. 1891 டிசெம்பரில், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாதிருந்த தம் மாணவர்களுக்காகப் பழக்கூடைகள் இரண்டை உயரே மாட்டி, 13 விதிகளை எழுதி, இதனைத் தோற்றுவித்தார். ஆடவேண்டியவர் யார் என்ற கேள்வி அன்று எழவில்லை. வகுப்பில் இருந்தவர்கள் ஆடினார்கள்.

இன்று அந்நாட்டுத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதற்பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் தன் ஆட்டக்குழுவின் இடாப்பை நிரப்பவேண்டும். ஆண்கள் குழுவொன்றுக்கு நெடுங்காலமாக 13 புலமைப்பரிசில்களே அனுமதிக்கப்பட்டிருந்தன. 2025-26ஆம் ஆண்டு முதல், புதிய ஏற்பாட்டில் இணைந்துகொண்ட கல்லூரிகளுக்கு 15 பேர் என்பது உச்ச வரம்பு. களத்தில் ஐவர், இடாப்பில் பதினைவர். இந்தச் சிறிய எண்ணிக்கையே அப்பெரிய வியாபாரத்தின் அச்சாணி எனலாம். ஒரேயொரு சிறந்த ஆட்டக்காரன் வந்துசேர்ந்தாற்கூட ஒரு குழுவின் நிலை தலைகீழாக மாறிவிடும். அவ்வாறே, ஒருவன் உள்ளே வந்தால் இன்னொருவன் வெளியே போகவேண்டியும் நேரிடும்.

இடாப்பை நிரப்புவதற்கு இரண்டு வழிகள் உள. உயர்நிலைப் பாடசாலையை முடிக்கும் இளைஞரைத் தேடிப் பிடித்தல் ஒன்று. வேறொரு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவரை வரவழைத்தல் மற்றொன்று.

முதலாவது வழி பழையது. பயிற்றுநர்கள் நாடெங்கும் அலைகின்றனர். கோடை விடுமுறையில் காலணிக் கொம்பனிகளின் ஆதரவோடு நடைபெறும் போட்டிகளுக்குச் சென்று, பதினாறு வயதுப் பிள்ளைகளின் உயரத்தையும் கைநீளத்தையும் பாய்ச்சலையும் குறித்துக்கொள்கின்றனர். பிள்ளைகளைத் தரம்பிரித்து நட்சத்திரங்கள் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் உள. வீடு தேடிச்சென்று பெற்றோருடன் உரையாடுதல், பிள்ளையைக் கல்லூரிக்கு அழைத்துவந்து அதன் சிறப்புகளைக் காட்டுதல் என்பன எந்நாட்களில், எத்தனை முறை நடைபெறலாம் என்பதற்கெல்லாம் நுணுக்கமான விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. விதிகளுக்கு அப்பால் நடப்பனவும் உண்டு. 2017 செப்ரெம்பரில் நான்கு உதவிப் பயிற்றுநர்கள் உட்படப் பத்துப்பேர் கைதாயினர். குறித்த கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவதற்காகக் குடும்பங்களுக்கு இரகசியமாகப் பணம் கொடுக்கப்பட்டது அவ்வழக்குகளில் அம்பலமாயிற்று.

இந்தத் தேடலின் மறுபக்கத்தை, அதாவது தேடப்படும் பிள்ளையின் பக்கத்தை, நமக்குக் காட்டியது 1994இல் வெளிவந்த ‘ஹூப் டிறீம்ஸ்’ என்ற ஆவணப் படம். சிக்காகோ நகரின் வறிய பகுதிகளைச் சேர்ந்த இரு கறுப்பினச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுக்கப்பட்ட படம் அது. தெருவோர ஆடுகளத்தில் ஆடிக்கொண்டிருந்த சிறுவனை ஒருவர் கண்டு, புறநகர்த் தனியார் பாடசாலையொன்றுக்கு அழைத்துச் செல்கிறார். விடியுமுன் எழுந்து நெடுந்தூரம் பயணம் செய்து அவன் அங்கே படிக்கிறான். எதிர்பார்த்தபடி அவன் உடனே வளரவில்லை. பெற்றோராற் கட்டணத்தைச் செலுத்தவும் முடியவில்லை. ஆண்டின் நடுவே அவன் வெளியேறவேண்டியதாயிற்று. அவனைவிட நன்றாக ஆடிய மற்றச் சிறுவனுக்கோ கட்டணம் செலுத்த ஒரு கொடையாளர் கிடைத்தார். இரு சிறுவர்களும் ஒரே வகையான தெருவிலிருந்து வந்தவர்கள். கல்விக்கான ஆசையும் இருவருக்கும் இருந்தது. ஒருவனை உள்ளே வைத்திருந்ததும் மற்றவனை வெளியே தள்ளியதும் பந்து கூடைக்குள் விழுந்த கணக்கே. ஆசிரியர் எவரும் அக்காட்சியை மனம் பதையாமற் பார்க்க இயலாது. திறமையுள்ள பிள்ளைக்குக் கதவு திறந்தது என்று நாம் மகிழ்வதா, திறமை இல்லாவிடின் அக்கதவு அவனுக்கு இல்லையே என்று வருந்துவதா என்று நெடுநேரம் மயங்கினோம்.

இந்த மயக்கம் வரலாற்றிலும் உண்டு. 1966 மார்ச் 19இல் தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் ரெக்சாஸ் வெஸ்ரேண் கல்லூரி, கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தை 72-65 என்ற கணக்கில் வென்றது. வென்ற குழுவின் முதல் ஐவரும் கறுப்பினத்தவர். தோற்ற குழுவில் ஒரு கறுப்பினத்தவர்தாமும் இல்லை. மெக்சிக்கோ எல்லையருகே எல் பாசோ நகரிலுள்ள அக்கல்லூரியின் பயிற்றுநர் டொன் ஹஸ்கின்ஸ், பெரிய கல்லூரிகள் கண்ணெடுத்துப் பாராத இளைஞர்களை நியூயோர்க், டெட்றொயிற், கேரி, ஹூஸ்ரன் ஆகிய நகரங்களிலிருந்து திரட்டியிருந்தார். அதன்பின் தென்மாநிலங்களின் கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தம் கதவுகளைத் திறந்தன. கென்ரக்கி விளையாடிய பிராந்தியத்திலே கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் முதன்முதலாகக் களமிறங்கியது 1967இல். வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தின் பெறி வொலஸ் அவர். கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தின் குழுவிலே முதலாவது கறுப்பினத்தவர் ஆடியது 1970இல்.

நிறவெறியின் சுவரில் இவ்வாறு விழுந்த பிளவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வெற்றிக்குப் பின்னே குடியுரிமைப் போராட்டத்தின் பேரலை நின்றது என்பதும் உண்மை. ஆயினும், பல கல்லூரிகளின் மனம் மாறியதற்கு மனச்சாட்சியைவிடத் தோல்வியின் அச்சமே விரைவான காரணமாயிற்று என்று கருத இடமுண்டு. விரிவுரை மண்டபத்தின் வாயிலால் வரத் தடுக்கப்பட்டவன் விளையாட்டரங்கின் வாயிலால் வரவேற்கப்பட்டான். அவ்வாறு வந்தவன் ஆட இயலாத நாளில் என்ன ஆவான் என்ற கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை.

விடை சொல்லாமல் இருப்பதற்கு ஒரு சொல் உதவிற்று. ‘மாணவ விளையாட்டாளர்’ என்பது அச்சொல். 1955இல் கொலறாடோ மாநிலத்தில் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின்போது தலையில் அடிபட்டு ஒரு கல்லூரி ஆட்டக்காரர் இறந்தார். தொழிலிலே உயிர்நீத்தவரின் குடும்பத்துக்குரிய நட்டஈட்டை அவருடைய மனைவி கோரினார். கல்லூரி காற்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளியல்லர் என்று 1957இல் அம்மாநிலத்தின் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய கோரிக்கைகளின் அச்சத்தினாலேயே ‘மாணவ விளையாட்டாளர்’ என்ற சொற்றொடரைத் தாமும் தம் கூட்டாளிகளும் ஆக்கி வழக்கிற்குக் கொண்டுவந்ததாக, விளையாட்டுச் சங்கத்தை 1951 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நிர்வகித்த வோல்ரர் பயர்ஸ் என்பவரே 1995இல் எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார். ‘மாணவன் அல்லவா, அவனுக்கு எதற்குப் பணம்?’ என்று நாம் சக ஆசிரியர்களிடம் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்பது இதைப் படித்தபோதுதான் நமக்கு விளங்கிற்று. நட்டஈட்டைத் தவிர்ப்பதற்கென ஆக்கப்பட்ட ஒரு வாதத்தை நாம் ஆசிரிய தருமம் என்று நம்பிப் பேசியிருந்தோம்.

பற்று, நன்றி என்ற சொற்களையும் இவ்வாறே நோக்கவேண்டும். பழைய ஒழுங்கில் யார் யாரோடு கட்டுண்டிருந்தனர்? 1964 முதல் 2024 வரை வழக்கிலிருந்த சம்மதக் கடிதத்திற் கையொப்பமிட்ட இளைஞன் ஓராண்டுக்கு அக்கல்லூரிக்குக் கட்டுப்பட்டவன். அவனைச் சேர்த்த பயிற்றுநர் மறுவாரமே வேறு கல்லூரிக்குப் போய்விட்டாலும் கையொப்பம் கையொப்பமே. 1973இல் புலமைப்பரிசில் ஓராண்டுக்கு மட்டும் உரியதாக்கப்பட்டது. ஆண்டுமுடிவில் அதைப் புதுப்பிப்பதும் விடுவதும் கல்லூரியின் விருப்பம். பல ஆண்டுகளுக்கான புலமைப்பரிசில் மீண்டும் அனுமதிக்கப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. கூடைப்பந்தாட்டக்காரன் ஒருவன் இன்னொரு கல்லூரிக்கு மாறினால் அங்கே ஓராண்டு களமிறங்காது அமர்ந்திருக்கவேண்டும். மற்றக் கல்லூரிகள் அவனோடு பேசுவதற்கே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதியை மறுத்த பயிற்றுநர்கள் பலர். பயிற்றுநர்களுக்கோ அமர்ந்திருக்கும் ஆண்டு என்று ஒன்றில்லை. பல மாநிலங்களிலே அரச ஊழியர் அனைவரினும் உயர்ந்த சம்பளம் பெறுபவர் பொதுப் பல்கலைக்கழகத்தின் காற்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநரே. ஒருபக்கம் மட்டும் முடிச்சிடப்பட்ட கயிற்றுக்குப் பற்று என்று பெயர் சூட்டியிருந்தனர்.

அம்முடிச்சு தானாக அவிழவில்லை. 1995இல் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வெற்றிக் குழுவில் ஆடிய எட் ஓபானன், பிற்காலத்தில் மோட்டார் வாகன விற்பனை நிலையமொன்றிற் பணிபுரிந்துகொண்டிருந்தபோது, தம் உருவம் கணினி விளையாட்டொன்றிலே தம் சம்மதமின்றி விலையாவதைக் கண்டு 2009இல் வழக்குத் தொடர்ந்தார். 2014இல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 2021 யூன் 21இல், கல்வி தொடர்பான உதவிகளுக்குச் சங்கம் விதித்திருந்த கட்டுப்பாடுகள் சட்டவிரோதமானவை என நாட்டின் உயர்நீதிமன்ற நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமுகமாகத் தீர்த்தனர். அதே ஆண்டு யூலை முதல் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணமீட்டும் உரிமை மாணவர்க்குக் கிடைத்தது. இடமாற்றத்திலும் இவ்வாறே. 2018 ஒக்ரோபரில் ஒரு பொது இடாப்பு திறக்கப்பட்டது. மாற விரும்புகிறவன் தன் கல்லூரிக்கு அறிவித்தாற் போதும், அவன் பெயர் அதிற் பதியப்படும், மற்றவர்கள் அவனோடு பேசலாம். 2021 ஏப்ரிலில், ஒருமுறை மாறுபவன் ஓராண்டு அமர்ந்திருக்கவேண்டும் என்ற விதி நீங்கிற்று. 2023 டிசெம்பரில் மேற்கு வெர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டதன்பின், 2024 ஏப்ரிலில், படிப்பில் உரிய நிலையிலுள்ளவர் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2025 யூன் 6இல் அங்கீகரிக்கப்பட்ட இணக்கப்பாடொன்றின்படி முன்னைய மாணவர்களுக்குப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 280 கோடி டொலர் வழங்கவும், 2025-26இல் ஒவ்வொரு கல்லூரியும் தன் விளையாட்டாளர்களுக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர்வரை நேரடியாகக் கொடுக்கவும் வழி பிறந்தது.

இத்தொகைகளைக் கண்டு மலைப்பவர்கள் இன்னொரு தொகையையும் நினைவிற்கொள்ளவேண்டும். மார்ச் மாதத் தேசியப் போட்டியை 2025 முதல் 2032 வரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் உரிமைக்கு 2016இல் பேசப்பட்ட விலை 880 கோடி டொலர். ஆடுகின்றவன் கூலி கேட்கலாகாது என்ற விதி அவ்விலை பேசப்பட்டபோது நடைமுறையிலிருந்தது.

இனி அந்தப் பற்றின் கதைக்கு வருவோம். புளோரிடா அற்லான்ரிக் பல்கலைக்கழகம் பெரும்புகழ் வாய்ந்ததன்று. 2023இல் அதன் குழு 35 ஆட்டங்களில் வென்று, தேசியப் போட்டியின் கடைசி நான்கு குழுக்களுள் ஒன்றாயிற்று. சன் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லமொன்ற் பட்லர் கடைசி நொடியில் எறிந்த பந்தினால் 72-71 என ஒரே புள்ளியில் அது தோற்றது. அவ்வேளை இடமாற்றத்தின் கதவு அகலத் திறந்திருந்தது. பெரிய கல்லூரிகளின் பணமும் காத்திருந்தது. எனினும் அக்குழுவின் முதன்மை ஆட்டக்காரர் பெரும்பாலும் ஒன்றாகவே நின்று இன்னோராண்டு ஆடினர். 2024 மார்ச்சில் அவர்களுடைய பயிற்றுநர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்றுச் சென்றார். அதன்பின்பே குழு கலைந்தது. ஒருவர் பயிற்றுநரைத் தொடர்ந்து மிச்சிகனுக்கும், ஒருவர் ஆர்க்கன்சோவுக்கும், ஒருவர் புளோரிடாப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றனர். அவர்களைத் தோற்கடித்த பட்லரும் அவ்வாண்டில் கென்ரக்கிக்கு மாறினார். பயிற்றுநரை நாம் குறைகூறவில்லை. நல்ல சம்பளத்தை நாடுவது எவருக்கும் உரியது. அந்த உரிமை அவருக்கு இருந்தபோது வாழ்த்தியவர்கள், இருபது வயது இளைஞனுக்கு அது கிடைத்தவுடன் நன்றிகெட்டவன் என்று ஏசுவதையே குறைகூறுகிறோம். அவ்வாறு ஏசியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆயின், இச்சுதந்திரத்தைப் போற்றிவிட்டு அத்துடன் கட்டுரையை முடிப்பது எளிது. உண்மை அத்துடன் முடியவில்லை. 2025 வசந்தத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் ஆடும் முதற்பிரிவில் 2,000க்கும் மேற்பட்டோர் பொது இடாப்பிற் பெயர் பதிந்தனர். பதிவு மார்ச் 24இல் தொடங்கிற்று. தேசியப் போட்டி முடிய அப்போது இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. ஏப்ரில் 7இல் ஹூஸ்ரனை 65-63 என வென்று புளோரிடாப் பல்கலைக்கழகம் கிண்ணத்தைப் பெற்றது. அதன் முதல் ஐவருள் நால்வர் அயோனா, பெல்மொன்ற், புளோரிடா அற்லான்ரிக், வாஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகம் ஆகிய வேறிடங்களில் ஆடி வந்தவர்கள், ஐந்தாமவர் அவுஸ்திரேலியர். அதற்கு முந்திய ஆண்டில் கென்ரக்கியில் புதிய பயிற்றுநர் பொறுப்பேற்றபோது புலமைப்பரிசில் பெற்ற பழைய ஆட்டக்காரர் ஒருவரேனும் எஞ்சவில்லை. குழு முழுவதையும் அவர் புதிதாகத் திரட்டினார். ஒரு கடைக்குப் புதிய முதலாளி வந்து சரக்கு முழுவதையும் மாற்றியது போன்ற காட்சி அது.

இதிலே நட்டமடைவோர் யாவர்? இருபத்திரண்டு வயதிலே பக்குவப்பட்ட ஆட்டக்காரனை ஆயத்தமாகப் பெறமுடியுமாயின், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இடங்கொடுத்துப் பொறுமையாக வளர்க்கப் பயிற்றுநர் தயங்குகிறார். ஆகவே பாடசாலையை முடித்து வருபவனுக்குக் கதவு ஒடுங்குகிறது. சிறிய கல்லூரிகள் பிள்ளைகளைத் தேடிக் கண்டு வளர்க்கின்றன. வளர்ந்தவர்களைப் பெரிய கல்லூரிகள் அறுவடை செய்கின்றன. பெயரைப் பதிந்தும் எங்கும் இடங்கிடையாது நிற்போர் உளர். பழைய இடத்தைத் திரும்பக் கொடுக்கவேண்டிய கடமை பழைய கல்லூரிக்கு இல்லை. தாமாக விலகியதாக ஏட்டில் எழுதப்பட்டிருப்பவர்களுள் எத்தனைபேர் அடுத்த ஆண்டு உனக்கு இங்கே வேலையில்லை என்று அறையினுள்ளே சொல்லப்பட்டவர்கள் என்பதை அந்த ஏடு கூறாது. மாணவர் விசாவில் வந்த பிறநாட்டு இளைஞர், ஊதியம் பெறுவதற்கு அவ்விசா இடும் தடைகளினால், கூட ஆடுகின்றவன் பெறுவதைப் பெறமுடியாது அல்லற்படுகின்றனர். 2025ஆம் ஆண்டின் இணக்கப்பாட்டிலே பழைய நட்டஈட்டின் மிகப் பெரும்பகுதி ஆண்களின் காற்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது; அதை எதிர்த்துப் பெண் விளையாட்டாளர்கள் மேன்முறையீடு செய்தனர்.

இவற்றையெல்லாம் நாம் ஒரு தோழருக்குச் சொன்னபோது அவர் நகைத்தார். “இலட்சக்கணக்கில் டொலர் வாங்குகின்ற பையன்களையா தொழிலாளர் என்கிறீர்கள்? தேயிலைக் கொழுந்து பறிப்பவளுக்கும் இவர்களுக்கும் ஒரே பெயரா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. பெருந்தொகை பெறுவோர் உளர். அவர்கள் மிகச் சிலர். நாம் நோக்கவேண்டியது தொகையை மட்டுமன்று, உறவையும்தான். தன் உழைப்பாற்றலை விற்கும் சுதந்திரம், விற்பதற்கு வேறெதுவும் இல்லாத ‘சுதந்திரம்’ என்ற இரட்டைச் சுதந்திரத்தைப் பற்றி மார்க்ஸ் எள்ளலோடு குறிப்பிட்டார். இந்த இளைஞன் விற்பது இன்னும் குறுகிய காலத்துக்கே நிலைக்கும் பொருள்: தன் முழங்கால்களின் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள். ஒப்பந்தத்தை அவன் தனியே பேசுகிறான்; எதிரே அமர்ந்திருப்பது ஒரு பல்கலைக்கழகம். பக்கத்து அறையில் இன்னொருவன் என்ன பெற்றான் என்பது அவனுக்குத் தெரியாது. முழங்கால் முறிந்தால் அடுத்த ஆண்டு என்னவாகும் என்பதும் தெரியாது. முன்பு அவனைக் கட்டி வைத்திருந்தார்கள்; இப்போது சந்தையில் நிறுத்தியிருக்கிறார்கள். கட்டிலிருந்து விடுபட்டது முன்னேற்றமே. சந்தையில் நிற்பது விடுதலையாகிவிடாது.

விடுதலைக்கு வழி எது என்பதை ஒரு சிறிய குழு காட்டியது. டாட்மத் கல்லூரி, விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் வழங்காத பழம்பெரும் கல்லூரிகளுள் ஒன்று. அதன் ஆண்கள் கூடைப்பந்துக் குழுவினர் 2024 மார்ச் 5இல் வாக்களித்தனர். தொழிற்சங்கம் வேண்டும் என்றோர் 13 பேர். வேண்டாம் என்றோர் 2 பேர். கல்லூரியின் மற்ற ஊழியர்கள் அங்கம் வகிக்கும் சங்கக் கிளையிலேயே தாமும் சேர்வதற்கு அவர்கள் முன்வந்தனர். கல்லூரி நிர்வாகம் அவர்களுடன் பேரம்பேச மறுத்தது. அரசாங்கம் மாறினால் தொழிலுறவுச் சபையின் போக்கும் மாறக்கூடும் என்ற நிலையில், 2024 டிசெம்பர் 31இல் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டது. தோல்விதான். ஆனால், அந்தப் பதின்மூவரும் தம்மைத் தனித்தனியே விற்கப்படும் பொருள்களாகக் கருதவில்லை. ஒரே வேலையைச் செய்யும் மனிதராகக் கருதினர். ஒருவன் உள்ளே வர ஒருவன் வெளியேறவேண்டிய இடாப்பிலே அவ்வெண்ணம் தோன்றியதே பெரிய காரியம் என்பது நம் கருத்து. ஒப்பந்தக் காலம், காயமுற்றோருக்கான பராமரிப்பு, ஆடும் ஆண்டுகள் முடிந்தபின்னும் படிப்பை நிறைவுசெய்யும் உரிமை, மாறிச்செல்வதற்கும் நிலைத்திருப்பதற்கும் நேர்மையான விதிகள் ஆகிய இவற்றை நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் கூடித் தீர்மானிப்பதைவிட, ஆடுகின்றவர்கள் கூடிப் பேசித் தீர்மானிப்பதே முறை. அவ்வாறு தீர்மானிக்கப்படும் விதி இடமாற்றத்தைச் சிறிது கட்டுப்படுத்தினாலும் அதனை நாம் ஏற்போம். கட்டுப்படுகின்றவனின் குரலும் அதிலே இருக்கும்.

ஈற்றில் நம் பழைய கேள்விக்குத் திரும்புகிறோம். மூன்று கல்லூரிகள் மாறியவனுக்கு ஆசிரியர் யார்? கேள்வி இன்னும் கேள்வியாகவே உள்ளது. ஒரு கல்லூரியிற் கற்ற பாடங்கள் மற்றொன்றிற் கணக்கில் எடுக்கப்படாது போவதுண்டு. அதனால் பட்டம் தள்ளிப்போகிறது, சிலருக்குக் கிட்டாமலே போகிறது. அதைக் கண்டு வருந்துவது ஆசிரியரின் கடமை. ஆனால் அக்கேள்வியை மாணவனை நோக்கிக் கேட்டது நம் பிழை. அவனைப் பதினாறு வயதிலே அளந்தவர்களிடமும், அவன் பெயரைச் சட்டையில் அச்சிட்டு விற்றவர்களிடமும், அவனுடைய பாடநெறியைப் பயிற்சி நேரத்துக்கேற்ப வெட்டியவர்களிடமும் அதனை நாம் கேட்டிருக்கவேண்டும். கல்விக்கூடம் அவனை எதற்காகச் சேர்த்துக்கொண்டதோ அதற்குரிய விசுவாசத்தையே அவனும் திருப்பித் தருகிறான்.

நெய்ஸ்மித் கூடையை மாட்டிய அந்த அறையில், பந்தை எறியத் தெரியாதவனும் வகுப்பிலே ஒருவனாக இருந்தான். பந்தை எறிய இயலாத நாளிலும் ஒருவனுக்குக் கல்விக்கூடத்தில் இடமிருக்குமாயின், அந்நாளில் பற்றைப் பற்றியும் நன்றியைப் பற்றியும் பேசுவதற்கு நமக்கு உரிமையுண்டாகும். அதுவரை, சக ஆசிரியர்களிடம் நாம் கூறிய கண்டன வார்த்தைகளை மீளப்பெற்றுக்கொள்கிறோம்.